ரெக் பட்டன் எதைப் பதிகிறது, எதை விட்டுவிடுகிறது

டிஜிட்டல் பியானோவில் வாசிப்பைப் பதியும் ரெக் பட்டனை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, பிறகு அந்தப் பக்கமே போகாதவர்கள் நிறையப் பேர். முதல் முயற்சியில் ஏதாவது ஒன்று விநோதமாக நடந்திருக்கும். நேற்றுப் பதிந்தது இன்று காணாமல் போயிருக்கும், இடது கையைப் பதியப் போனால் வலது கை அழிந்திருக்கும், கணினியில் திறந்தால் வேறு ஏதோ பொம்மைக் கருவி வாசிப்பதுபோல் கேட்கும். பட்டன் பழுது இல்லை, வாசித்தவரின் தவறும் பெரிதாக இல்லை. அந்தப் பட்டன் எதைப் பதிகிறது என்பதை யாரும் சொல்லித் தராததுதான் சிக்கல்.

பெரும்பாலான டிஜிட்டல் பியானோக்களின் ரெக்கார்டர் ஒலியைப் பதிவதில்லை. கையும் காலும் செய்த வேலையைத்தான் பதிகிறது. எந்தக் கட்டை, எந்த நொடியில், எவ்வளவு வேகமாகக் கீழே போனது, எப்போது விடப்பட்டது, நாதத்தை நீட்டும் பெடல் எப்போது இறங்கி எப்போது ஏறியது என்பதெல்லாம் எண்களாக வரிசையில் சேர்கின்றன. 1983-ல் வந்த மிடி என்ற பொது மொழியில்தான் இது எழுதப்படுகிறது. கட்டை இறங்கிய வேகத்துக்கு 1 முதல் 127 வரை ஓர் எண் உண்டு. 0 வந்தால் கட்டையை விட்டாயிற்று என்று பொருள். இந்த யோசனை மிடியோடு பிறந்ததும் இல்லை. 1904-ல் வெளிவந்த வெல்ட்டே மின்யான் கருவி, வாசிப்பவரின் அழுத்த வேறுபாடுகளையும் பெடலையும் காகிதச் சுருளில் துளைகளாகப் பதிந்து, அதே வாசிப்பை உண்மையான பியானோவில் திருப்பி வாசித்தது. இன்றைய ரெக் பட்டன் அந்தச் சுருளின் பேரப்பிள்ளை.

இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மிடிப் பதிவில் டெம்போவை, அதாவது வேகத்தை, கூட்டிக் குறைத்தாலும் சுருதி மாறாது, ஏனென்றால் இழுத்து நீட்ட அங்கே ஒலியே இல்லை. கோப்பு மிகச் சிறியது. யமஹா பி-125 போன்ற ஒரு மாடலில் ஒரு பதிவுக்குச் சுமார் 100 கிலோபைட் இடம்தான், அதற்குள் ஏறக்குறைய 11,000 நோட் (ஸ்வரம்) அடங்கும். ஒலியாகப் பதியும் வேவ் கோப்போ 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்ற அளவில் நிமிடத்துக்கு 10 மெகாபைட்டைத் தாண்டும். சில மாடல்களில் இரண்டு வசதியும் இருக்கும், சிலவற்றில் மிடி மட்டும். யமஹா பி-45 போல ரெக்கார்டரே இல்லாத மாடல்களும் உண்டு. அவற்றில் யூஎஸ்பி கம்பி வழியாகக் கணினியிலோ கைபேசியிலோதான் பதிய முடியும்.

பதியத் தொடங்கும் முன் செய்யவேண்டியவை சில. டோன் (எந்தக் கருவியின் ஒலி) எது, டெம்போ எவ்வளவு, தாளம் 4/4-ஆ 3/4-ஆ என்பதை முதலிலேயே அமைத்துவிட வேண்டும். பல பியானோக்களில் இவை பதிவின் தலைப்பில் ஒருமுறைதான் எழுதப்படுகின்றன. பாதியில் டெம்போவை மாற்றினால் அது பதிவில் ஏறாமலே போகலாம். தாளத்தை அளந்து தட்டும் மெட்ரோனோமின் டக் டக் ஒலி மிடிப் பதிவில் விழாது, தயங்காமல் ஓடவிடலாம். சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அது பதிவில் ஏறுமா, திருப்பிக் கேட்கும்போது மேலும் ஒருமுறை சேருமா என்பது மாடலுக்கு மாடல் வேறு. பாடுபவருக்காகச் சுருதி மாற்ற வேண்டுமென்றால் மூலச் சுருதியில் பதிந்துவிட்டு, கேட்கும்போது மாற்றுவது சுத்தமான வழி.

பிறகு ரெக் பட்டன். அழுத்தியதும் விளக்கு மினுங்கத் தொடங்கும். இன்னும் பதிவு ஓடவில்லை, கருவி காத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். முதல் கட்டையைத் தொட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். வசதியான ஏற்பாடுதான், ஆனால் ஒரு பொறி உண்டு. பாடல் பாரின் (ஒரு தாளச் சுற்றின்) முதல் அடியில் தொடங்கினால் சிக்கலே இல்லை. முந்திய பாரின் நாலாவது அடியிலேயே எடுப்பு வைத்துத் தொடங்கும் பாடலாக இருந்தால், அந்த எடுப்பு நோட்டையே பியானோ முதல் பாரின் முதல் அடியாக எண்ணிக்கொள்ளும். அங்கிருந்து பாடல் முழுக்க ஓர் அடி தள்ளிப்போகும். காதுக்கு வித்தியாசம் தெரியாது. மெட்ரோனோமைச் சேர்த்துக் கேட்டால் அழுத்தமான மணி தப்பான இடத்தில் அடிப்பது தெரியும். கணினியில் நோட்டேஷனாக (எழுத்து இசைக்குறிப்பாக) மாற்றினால் எல்லாப் பார் கோடுகளும் இடம் மாறி நிற்கும். இதற்கு வழி எளிது. கட்டையைத் தொட்டுத் தொடங்காமல், ரெக் விளக்கு மினுங்கும்போது ப்ளே அல்லது ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். கடிகாரம் அப்போதே ஓடத் தொடங்கும். மூன்று அடி எண்ணிவிட்டு நாலாவதில் நுழையலாம். தொடங்கும் முன் எண்ணிக்கை தரும் வசதி உள்ள மாடல்களில் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

முடிக்கும்போது அவசரம் கூடாது. கடைசி நாதம் அடங்கி, விரலையும் பெடலையும் எடுத்த பிறகு இரண்டு மூன்று நொடி விட்டு ஸ்டாப் அழுத்தவும். பெடல் இறங்கியிருக்கும்போதே நிறுத்தினால் கடைசி ஒலி கத்தரித்ததுபோல் அறுந்துவிடும். ஸ்டாப் அழுத்திய பின்னும் பல பியானோக்கள் ஒரு கணம் விளக்கை மினுக்கும், அது நினைவகத்தில் எழுதும் நேரம். அப்போது மின்சாரத்தை அணைத்தால் அந்தப் பதிவோடு பழைய பதிவும் சேர்ந்து போகலாம்.

பழைய பதிவு என்றதும் நினைவுக்கு வருவது, அதிகம் பேர் இழந்து வருந்தும் விஷயம். ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் இடம் தரும் மாடல்கள் இன்றும் விற்பனையில் உண்டு. அவற்றில் ரெக் அழுத்திப் புதிதாக ஒரு கட்டையைத் தொட்டாலே அந்தப் பார்ட்டில் (பதிவின் தடத்தில்) முன்பு இருந்தது அழிந்துவிடும். மீட்கும் பட்டன் கிடையாது. நன்றாக வந்த பதிவை அன்றைக்கே பென் டிரைவுக்கோ கணினிக்கோ நகர்த்திவிடுவதுதான் பாதுகாப்பு.

இரு கையைத் தனித்தனியே பதிவது

ரெக்கார்டரின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பெரும்பாலான பியானோக்களில் குறைந்தது இரண்டு பார்ட் உண்டு, வலது, இடது என்றோ 1, 2 என்றோ பெயர் இருக்கும். ஒரு பார்ட்டைப் பதிந்த பிறகு, மற்றதைப் பதியும்போது முதல் பார்ட் தானாகக் கூடவே ஒலிக்கும். வழக்கமாகத் தவறு நடக்கும் இடம் ஒன்றே ஒன்று: இரண்டாம் தடவை ரெக் அழுத்தும்போது எந்தப் பார்ட்டின் விளக்கு மினுங்குகிறது என்று பார்க்காமல் வாசித்துவிடுவது. முதல் பார்ட்டே தேர்வில் இருந்தால் அது அழிந்துபோகும். ரெக் அழுத்தி, பார்ட் பட்டனை மாற்றி, மினுங்கும் விளக்கைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையைக் கட்டையில் வைக்க வேண்டும்.

எந்தக் கையை முதலில் பதிவது? மெட்டு வலது கையில் இருப்பதால் பலர் அதை முதலில் பதிகிறார்கள். தாளத்தைத் தாங்கும் கை முதலில் என்பதுதான் சரியான வரிசை. அது பெரும்பாலும் இடது கை. மெட்டை வாசிக்கும்போது சற்று நீட்டுவதும் முந்துவதும் இயல்பு. அந்த நீட்டல்களின் மேல் இடது கையைப் பொருத்துவது பெரிய வேதனை. அசையாமல் நிற்கும் இடது கையின் மேல் வலது கை சுதந்திரமாக மிதக்கலாம். முதல் பார்ட்டை மெட்ரோனோமோடு பதியுங்கள், இரண்டாவதுக்கு மெட்ரோனோம் தேவையே இல்லாமல் போகலாம்.

பெடல் விஷயத்தில் அனுபவசாலிகளும் ஏமாறுவது உண்டு. மிடியில் 16 சேனல்கள், அதாவது செய்திகள் போகும் தனிப் பாதைகள், இருக்கின்றன. பெடல் அசைவு 64 என்ற எண்ணுள்ள கட்டுப்பாட்டுச் செய்தியாக ஏதாவது ஒரு சேனலுக்குள்தான் போகும். இரண்டு பார்ட்டும் வெவ்வேறு சேனலில் பதியப்படும் பியானோவில், இடது கையைப் பதிந்தபோது மிதித்த பெடல் இடது கையின் நோட்டுகளை மட்டுமே தாங்கும். பிறகு பெடல் இல்லாமல் பதிந்த வலது கை வறண்டு, துண்டு துண்டாகக் கேட்கும். ஒரு கால்தானே இரண்டு கைக்கும் பெடல் போடுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், கருவிக்கு அது தெரியாது. ஆகவே இரண்டு தடவையும் பெடலைப் போட வேண்டும், அதுவும் ஒரே இடங்களில். இதைச் செய்யும்போதுதான் நம் பெடல் பழக்கம் எவ்வளவு தற்செயலானது என்பதும் தெரியவரும்.

இரண்டு கையையும் சேர்த்து ஒரே பார்ட்டில் பதிந்துவிட்டால், பின்னால் பியானோவில் ஒரு கையை மட்டும் அணைத்துக் கேட்க முடியாது. எந்த விரல் எந்தக் கையுடையது என்பது அந்த எண் வரிசையில் இல்லை.

மெதுவாகப் பதிந்து வேகமாகக் கேட்பது பற்றியும் சொல்ல வேண்டும். டெம்போ 60-ல் பதிந்து 90-ல் ஓடவிட்டால் சுருதி மாறாமல் வேகம் ஒன்றரை மடங்காகும். கடினமான இடது கையை இப்படிப் பதிந்து, அதன் மேல் வலது கையைப் பழகுவது நியாயமான, பயனுள்ள முறை. ஆனால் நேரம் எல்லாமே சுருங்கும் என்பதை மறக்கக் கூடாது. நாதம் ஒலித்து 200 மில்லி செகண்ட் கழித்து இறங்கிய பெடல், 90-ல் 133 மில்லி செகண்டில் இறங்கும். குறுக்கி வாசித்த ஸ்டக்காட்டோ இன்னும் குறுகி நறுக்கென்று கேட்கும். இரண்டு நோட்டை மாறி மாறி 60-லேயே முழு வேகத்தில் உருட்டிய டிரில், 90-ல் மனித விரலால் முடியாத வேகத்துக்குப் போய்விடும். அலங்காரங்களை டெம்போவுக்கு ஏற்ற விகிதத்தில் நிதானமாக வாசித்தால்தான் வேகம் கூட்டும்போது உருப்படியாக இருக்கும்.

சில சமயம் எல்லாம் சரியாகப் பதிந்திருந்தும், திருப்பிக் கேட்கையில் அடிநாதத்தின் நீண்ட நோட் நடுவில் காணாமல் போகும். பாலிஃபோனி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். 64, 128, 192, 256 என்று கருவிக்கு ஓர் எல்லை உண்டு, ஒரே நேரத்தில் அத்தனை ஒலி இழைகளைத்தான் அதால் உருவாக்க முடியும். பதிந்த பார்ட்டும் இப்போது வாசிப்பதும் அதே தொட்டியிலிருந்துதான் எடுக்கின்றன. ஸ்டீரியோ டோன் ஒரு நோட்டுக்கு இரண்டு இழை எடுக்கலாம், பியானோவோடு ஸ்ட்ரிங்ஸ் சேர்த்து லேயர் போட்டால் அதற்கும் மேல். பெடல் இறங்கியே இருந்தால் பழைய நோட் எதுவும் தன் இழையை விடாது. 64 எல்லையுள்ள கருவியில் லேயர், பெடல், இரண்டு பார்ட் மூன்றும் சேர்ந்தால் நோட் காணாமல் போவது ஏறக்குறைய நிச்சயம். லேயரை எடுத்துவிட்டாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தன் வாசிப்பைத் தானே சோதிக்க

டெம்போவை அமைத்து, மெட்ரோனோமை நாலு பார் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டு, அதை நிறுத்திவிடுங்கள். ரெக் அழுத்தி, பாரின் முதல் அடியில் தொடங்கும் ஒரு பகுதியை மெட்ரோனோம் இல்லாமல் வாசியுங்கள். முதல் கட்டையிலேயே கடிகாரம் தொடங்குவதால் உங்கள் முதல் நோட்டும் கருவியின் முதல் அடியும் மிகச் சரியாக ஒன்றில் நிற்கும். மெட்ரோனோம் கேட்காவிட்டாலும் உள்ளே கடிகாரம் அதே டெம்போவில்தான் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு மெட்ரோனோமைப் போட்டுத் திருப்பிக் கேளுங்கள். எந்தப் பாரில் முந்தினீர்கள், எந்த இடத்தில் விரல் மாற்றும்போது அரை அடி நின்றீர்கள் என்பதைக் கருவி மறைக்காமல் காட்டும். சாதாரண ஒலிப்பதிவில் இந்த ஒப்பீடு கிடைக்காது. வாசிக்கும்போது காது நம்மை மன்னித்துவிடும், கேட்கும்போது மன்னிக்காது. எட்டுப் பாருக்கு மேல் வேண்டாம், அதற்குள் விலகல் தெரிந்துவிடும்.

இதே காரணத்தால், மெட்ரோனோமை முற்றிலும் புறக்கணித்துச் சுதந்திரமாகப் பதிந்த பாட்டில் பார் எண்ணை வைத்து ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் வசதி பயன்படாது. கருவியின் ஐந்தாம் பாரும் உங்கள் ஐந்தாம் பாரும் வேறு வேறு இடம்.

நினைவகம் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. கையேட்டில் 5,000 நோட், 11,000 நோட் என்று போட்டிருப்பது தோராயக் கணக்கு. பெடலும் இடம் பிடிக்கும். பாதி மிதித்த நிலையான அரைப் பெடலை உணரும் வகைப் பெடல் ஒவ்வொரு மிதியிலும் 0 முதல் 127 வரை பல இடைநிலை எண்களை அனுப்புகிறது, ஒரு மிதிக்குப் பல நோட் அளவு இடம் போகலாம். பெடல் நிறைந்த நீண்ட பாட்டு எதிர்பார்த்ததற்கு முன்பே நின்றுவிட்டால் காரணம் அதுதான். நின்ற இடம் வரை பொதுவாகச் சேமிக்கப்பட்டிருக்கும்.

பெடல் தலைகீழாக வேலை செய்தால், மிதிக்கும்போது அறுந்து, விடும்போது நீண்டால், கருவியை அணைத்துப் பெடலில் கால் படாமல் மறுபடி போடுங்கள். பல பியானோக்கள் மின்சாரம் போடும் கணத்தில் பெடல் இருக்கும் நிலையையே ஏறிய நிலை என்று எடுத்துக்கொள்கின்றன. இதைக் கவனிக்காமல் பதிந்தால் பதிவு முழுக்கத் தலைகீழாகவே இருக்கும், பின்னால் பியானோவில் திருத்த முடியாது.

தானாக அணையும் வசதியும் பதிவைத் தின்னும். 30 நிமிடம் தொடாமல் விட்டால் அணைந்துவிடும்படி பல கருவிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. பதிந்ததைத் தற்காலிக நினைவில் மட்டும் வைத்து, சேவ் அழுத்தினால்தான் நிரந்தரமாக எழுதும் மாடல் என்றால், தொலைபேசியில் பேசிவிட்டு வரும்போது பதிவு இருக்காது.

பென் டிரைவ், கணினி, ஒலி

பின்புறம் இரண்டு வகை யூஎஸ்பி துளை இருக்கும். தட்டையான செவ்வகம் பென் டிரைவுக்கு. கிட்டத்தட்டச் சதுரமானது கணினிக்கு. சதுரத் துளை மட்டும் உள்ள பியானோவில் பென் டிரைவில் சேமிக்க வழியில்லை, அடாப்டர் வாங்கிச் செருகியும் பயனில்லை. பென் டிரைவ் ஃபேட் 32 என்ற கோப்பு அமைப்பு வடிவில் இருக்க வேண்டும். பெரிய டிரைவுகள் பல நேரம் எக்ஸ்ஃபேட் வடிவில் வருவதால் கருவி அவற்றைக் கண்டுகொள்ளாது. 32 ஜிபிக்கு உட்பட்ட ஒன்றை வாங்கி, பியானோவிலேயே ஃபார்மேட் செய்வது நல்லது, அதில் வேறு எதுவும் வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. ஹப் வழியாகச் செருகாமல் நேரடியாகச் செருகவும்.

மிடிக் கோப்பைக் கணினியில் திறந்து கேட்டால் பியானோவின் அழகான ஒலி வராது, கணினியிடம் உள்ள ஒலியே வரும். கோப்பு பழுதாகிவிட்டதாக நினைத்து அழித்துவிடாதீர்கள். நல்ல பியானோ மென்பொருளில் திறந்தால் அதே விரல்கள் உயிரோடு இருக்கும். பெடலை மிதித்தது, விட்டது என்று இரண்டே நிலையாக எடுத்துக்கொள்ளும் மென்பொருளில் 64-க்குக் கீழ் உள்ளதெல்லாம் விட்டதாகிவிடும், நுணுக்கமான அரைப் பெடல் அங்கே தொலையும். நோட்டேஷனாக மாற்றும்போது மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, நகல் ஒன்றில் மட்டும் குவாண்டைஸ் (நோட்டுகளைத் தாள அடிகளுக்கு நேராக நகர்த்துவது) செய்யுங்கள். இல்லாவிட்டால் மனித விரலின் சிறு தாமதங்கள் எல்லாம் முப்பத்திரண்டில் ஒரு பங்கு ஓய்வுகளாகக் காகிதம் முழுக்கச் சிதறும். கணினியில் திருத்திய கோப்பைப் பியானோ ஏற்க மறுத்தால், ஃபார்மேட் 0 என்ற வகையில் மறுபடி சேமித்துப் பாருங்கள். டிராக் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கும் வகை அது, சில பியானோக்கள் அதை மட்டுமே படிக்கும்.

மற்றவருக்கு அனுப்ப வேண்டியது மிடி அல்ல, ஒலி. ஒலிப்பதிவு வசதி இருந்தால் வேவ் கோப்பாகப் பென் டிரைவில் விழும். ஒலியில் பிழையைத் திருத்தவோ ஒரு கையை மாற்றவோ முடியாது. ஆகவே மிடியில் பதிந்து திருப்தியான பிறகு, அதை ஓடவிட்டு ஒலியாக எடுப்பது சிறந்த வரிசை, இரண்டையும் ஒருசேரச் செய்யவிடும் மாடலாக இருந்தால். பி-125 போன்றவற்றில் யூஎஸ்பி கம்பியே ஒலியையும் கடத்தும், கணினி நேரடியாகப் பதிந்துகொள்ளலாம். இல்லையென்றால் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கம்பி போட்டு எடுக்கலாம். ஒலியளவை அரைவாசிக்கும் கீழே வைத்துத் தொடங்கி, பாட்டின் மிக உரத்த இடத்தை வாசித்துப் பார்த்து உயர்த்துங்கள். உரத்த இடத்தில் கரகரத்துவிட்டால் பிறகு சரிசெய்ய முடியாது. கம்பி செருகியதும் ஸ்பீக்கர் அணைவது இயல்பு.

புளூடூத் வழியாகப் பியானோ ஒலியைக் கைபேசியில் பதிய முயன்று பலர் நேரத்தை வீணாக்குகிறார்கள். பெரும்பாலான பியானோக்களில் புளூடூத் ஆடியோ உள்ளே வருவதற்கு மட்டும், கைபேசியின் பாட்டு பியானோ ஸ்பீக்கரில் கேட்கும், எதிர்த்திசை கிடையாது. வெளியே அனுப்பும் மாடலாக இருந்தாலும் தாமதம் இருக்கும். கட்டையைத் தொட்ட பிறகு ஒலி வரும் அந்த இடைவெளியில் இரண்டாம் பார்ட்டைப் பொருத்தி வாசிக்கவே முடியாது. பதியும்போது கம்பி ஹெட்ஃபோன்தான்.

கோப்புகளுக்குப் பியானோ வரிசை எண்ணோடு தானே ஒரு பெயர் வைத்துவிடும், பத்துப் பதிவு சேர்ந்தால் எது எதுவென்று தெரியாது. கணினியில் பெயர் மாற்றும்போது ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் பயன்படுத்துங்கள், தமிழில் வைத்தால் பியானோவின் சின்னத் திரையில் பெயர் தெரியாமல் போகும். பாட்டின் பெயரைச் சுருக்கி, பதிந்த டெம்போவையும் கூடவே சேர்த்து வைத்தால், அடுத்த மாதம் அதன் மேல் இன்னொரு பார்ட்டை வாசிக்க உட்காரும்போது தேட வேண்டியிருக்காது.